தனக்குத் தானே தீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோன குற்றாலிங்கம், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சந்திரனின் தென்பகுதியில், ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் மேலக்குழி என்ற ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. அங்கே சாவது என்பது நம் ஊரில் விஷக்காய்ச்சலில் படுத்து எழுவது மாதிரி. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு எல்லோரும் மீட்பு நிலையத்துக்குப் போய்த் தலையைக் கொடுத்து நினைவுப்படி எடுத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தில் யாராவது செத்தால், அவருக்கென்று முன்கூட்டியே வளர்த்துவைத்திருக்கும் மறுமெய்யில் சனிக்கிழமைப் படியை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலையில் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்தவன் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பாறையைத் திட்டிக்கொண்டிருப்பான். சனிக்கிழமைக்குப் பிறகு நடந்தது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்றுதான் ஊர் நினைத்தது. ஒரு வாரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அங்கே என்ன நடந்துவிடப் போகிறது?

குற்றாலிங்கம் விஷயத்தில் ஒரு சின்னக் கோளாறு. நிலையத்தின் குளிர்பெட்டி நின்றுபோய் அவருடைய படி கெட்டுவிட்டதென்று முதலில் சொல்லிவிட்டார்கள். சரி, இது பழையகாலச் சாவு என்று சொந்தபந்தம் கூடியது. ஒப்பாரி வைத்து, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து, உடலை மின்சுடலையில் வைத்துக் கொள்ளிக்குப் பதில் பொத்தானை அமுக்கி, இரங்கல் கூட்டமும் நடத்தி முடித்தார்கள். முடித்த பிறகுதான் படி நன்றாக இருப்பது தெரிந்தது. நிலையம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டது. அவர் செத்ததற்கா, வந்ததற்கா என்று அதில் விளக்கம் இல்லை.

ஆக, குற்றாலிங்கம் உள்ளே வந்தபோது கூடத்தில் அவருடைய படம் இருந்தது. மீசைக்கு மை போட்டிருந்த காலத்துப் படம். சந்தன மாலை, முன்னால் விளக்கு, ஒரு செம்பில் தண்ணீர். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஆவுடை கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், இருக்கிறதென்றும் சொல்ல முடியாமல் இல்லையென்றும் சொல்ல முடியாமல், ஊசிமுனை அளவுக்கு ஒன்று வைத்திருந்தாள்.

"வந்துட்டியளா" என்றாள். சந்தைக்குப் போய் வந்தவரைக் கேட்கிற குரல்தான். ஆனால் பார்வை அவர் மேலும் படத்தின் மேலும் மாறிமாறிப் போயிற்று.

"மொதல்ல மாலையக் கழத்து."

"எப்படிங்க கழத்துறது? செத்தவுக படத்துல போட்ட மாலையக் கழத்துனா வீட்டுக்கு ஆகாதும்பாங்க."

"செத்தவுக யாரு?"

"அதான் தெரியல" என்று சொல்லிவிட்டு ஆவுடை சோறு போடப் போனாள்.

எப்படிச் செத்தார் என்பதைச் சாப்பிடும்போது அவளே சொன்னாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருக வருக என்று எல்லோரையும் வரவேற்கிற அவருடைய பதாகையை ஊருக்கு வெளியே மேட்டில் நட்டிருந்தார்கள். சந்திரனில் காற்று கிடையாது என்பதால் பதாகைக்கு ஓட்டை போட வேண்டியதில்லை, முகம் முழுசாகத் தெரியும். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, விண்ணுடை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே இருப்பது யாரென்று படத்தில் தெரியாதே என்று தலைக்கவசத்தின் வெயில் தகட்டை உயர்த்தப் போனவர், பக்கத்துத் தாழ்ப்பாளைத் திருகி முகக்கண்ணாடியையே உயர்த்திவிட்டார். படம் தெளிவாக வந்திருந்தது. அதை யாருக்கும் காட்டக்கூடாது என்று கோயில் கமிட்டி முடிவெடுத்ததால் ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

குற்றாலிங்கத்துக்குத் தான் செத்தது பற்றி அதிகக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை கொடை. அதற்குள் வந்துவிட்டோம் என்ற நிம்மதிதான்.

அந்த நிம்மதி நமக்குப் புரிய வேண்டுமானால் வளியம்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊர் உண்டான புதிதில் கூரை பிளந்து காற்றெல்லாம் வெளியேறியபோது, ஒரே ஒரு காற்றுப்பம்பு மட்டும் நிற்காமல் ஓடி எல்லோரையும் பிழைக்கவைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ அதற்கு மஞ்சள் பூசினார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சேலை கட்டினார்கள். இப்போது வளியம்மனுக்குக் கோபுரம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, கமிட்டிக்குள் இரண்டு கோஷ்டி இருக்கிறது. சேலைக்குள்ளே பம்பு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை மெக்கானிக் தலைக்குக் குளித்து, சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஃபில்டர் மாற்றுகிறார்.

அன்றைக்கு அந்தப் பம்பின் சுவிட்சைப் போட்டவர் குற்றாலிங்கத்தின் தாத்தா. அதனால் கொடையன்று முதல் பரிவட்டம் அந்தக் குடும்பத்துக்கு. பூசாரி பட்டுத்துணியைத் தலையில் கட்டி, மாலை போட்டு, திருநீறு கொடுப்பார். நாதஸ்வரம் ஒரு சுற்று வாசிக்கும். மொத்தம் கண்மூடித் திறக்கும் நேரம். அந்த நேரத்துக்காகத்தான் குற்றாலிங்கம் வருஷம் முழுவதும் மூச்சு விட்டார். அவருடைய பங்காளி கோமதிநாயகம் இதை ஒத்துக்கொள்வதில்லை. தாத்தா சுவிட்சைப் போட்டபோது டார்ச் அடித்தவர் கோமதிநாயகத்தின் தாத்தா. வெளிச்சம் இல்லாவிட்டால் சுவிட்ச் இருக்குமிடம் எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் பேசி வருஷக்கணக்காகிறது.

சாப்பிட்டுவிட்டுக் குற்றாலிங்கம் தன் இரங்கல் கூட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தார். இந்தப் பாக்கியம் பழைய காலத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. கமிட்டித் தலைவர் வைரவன் அவரைத் தண்ணீர் தந்த வள்ளல் என்றார். கீழச்சுரங்கத்து ஜனங்களுக்குப் போகவேண்டிய தண்ணீர்க் குழாயைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிருப்பது குற்றாலிங்கத்துக்குத் தெரியும்; வைரவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கக் கேட்க, தந்திருப்போமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் கோமதிநாயகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் போனது அண்ணன் இல்லை, அப்பன் என்று விக்கி விக்கி அழுதார். அதை மட்டும் குற்றாலிங்கம் திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் மிதிக்காத அந்த வாசலுக்குப் போய்விட்டார்.

கோமதிநாயகம் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார். குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் நீ அழுததைப் பார்த்தேன், நானும் பேசாமல் இருந்தது தப்புதான், இனிமேல் நமக்குள் ஒன்றும் வேண்டாம் என்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக்கூடாது" என்றார் கோமதிநாயகம், மிகவும் மரியாதையாக. "அது செத்தவருக்கு அழுதது. ஒங்களுக்கில்ல."

"நான்தானப்பா செத்தது."

"செத்திருந்தா இங்க எப்படி இருக்கிய? ஒங்க மேல எனக்குள்ள வருத்தம் அப்படியேதான் இருக்கு. அது கெடக்கட்டும். வெள்ளிக்கெழம கொடைக்கு எப்படி வருவிய? வீட்ல எழவு விழுந்து பதினாறு கழியலையே."

"யாரு எழவு?"

"ஒங்க எழவுதான்."

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். அவருடைய புதுவாய்க்கு இன்னும் அவ்வளவு பழக்கம் இல்லை.

பங்காளி வீட்டுச் சாவுக்குப் பதினாறு நாள் தீட்டு, கோயிலுக்குள் காலை வைக்கக்கூடாது என்பதை மேலக்குழியில் யாரும் மீறியதில்லை. சந்திரனிலேயே நின்றுகொண்டு அமாவாசை என்றைக்கு என்று கண்டுபிடிக்க முடியாததால், பூமியிலிருந்து வரவழைத்த பஞ்சாங்கத்தை வைத்து நாள் எண்ணுகிற ஊர் அது. ஆனால் தன் சாவுக்குத் தானே தீட்டுக் காக்கவேண்டுமா என்ற கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அதுவரை செத்தவர்கள் யாருக்கும் பரிவட்டம் கிடையாது என்பதுதான் காரணம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பூமி தெரிகிற கண்ணாடி மண்டபத்தில் குற்றாலிங்கம் உட்கார்ந்துவிட்டார். சைவ மாநாடுகளில் நன்கொடையாளர் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். ஆன்மா அழியாது என்று சொல்லும்போதெல்லாம் கைதட்டியிருக்கிறார். அழியாத ஆன்மா இரண்டு உடம்பு இருந்தால் எதில் இருக்கும் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. பழைய உடம்போடு அது போய்விட்டதென்றால், மத்தியானம் இன்னொரு அப்பளம் கேட்டது யார்? தன்னிடமே வந்துவிட்டதென்றால், எள்ளும் தண்ணீரும் இறைத்து அவர்கள் வழியனுப்பிவைத்தது யாரை? யாருமே ஏறாத பஸ்ஸுக்குக் கையசைத்தார்களா?

பிறகு பாவக் கணக்கு ஞாபகம் வந்தது. குழாயைத் திருப்பிய பாவத்தைச் செத்தவர் கையோடு கொண்டுபோயிருந்தால் இவர் சுத்தமான ஆள். சுத்தமான ஆள் குழாயைப் பழையபடி திருப்பிவிட வேண்டிய அவசியமில்லை. இதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. ஆனால் அதே கணக்குப்படி புண்ணியமும் போயிருக்குமே என்று அடுத்தபடியாகத் தோன்றியது. அன்னதானம், கோபுரத்துக்குக் கலசம், மாநாட்டுப் பந்தல் எல்லாம் அவரோடு போய்விட்டதா? பாவத்தை மட்டும் கொண்டுபோகிற மாதிரி ஒரு சித்தாந்தம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். இருக்கும், விசாரித்தால் கிடைக்கும்.

வீட்டில் ஆவுடை படத்து விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்னதான் செய்தேன் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. எந்திரிச்சாவ. காப்பி குடிச்சாவ." திரியைத் தூண்டினாள். "குடிச்சிட்டு, நீ சாப்பிட்டியா ஆவுடைன்னு கேட்டாவ."

"யாரு?"

"அவுகதான். கல்யாணமான நாள்லருந்து மொதத் தடவ. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பெறகு டம்ளரக் கழுவிக் கமுத்தி வச்சிட்டுப் போட்டா எடுக்கப் போனாவ."

குற்றாலிங்கத்துக்கு நம்ப முடியவில்லை. அந்த வீட்டில் டம்ளர் கழுவுகிற இடம் எது என்றே அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

"அப்போ நான் கேட்டிருக்கேன்லா" என்றார், கொஞ்சம் பெருமையாக.

"நீங்க எங்க கேட்டிய? ஒங்களுக்கு ஞாபகமே இல்லையே" என்றாள் ஆவுடை. கோபமில்லை, குத்தலில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "அவுக நல்லவுக."

ஒரு மனிதன் தன் மனைவி இன்னொரு ஆணை நினைத்து உருகுவதைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு உலகத்தில் பல வழிமுறைகள் உண்டு. அந்த இன்னொரு ஆண் தானாகவே இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் நடுவில் அந்தப் பாவிக்கு என்ன ஞானம் வந்தது என்று குற்றாலிங்கம் மண்டையை உடைத்துக்கொண்டார். சாவு வரப்போவது உள்ளூரத் தெரிந்துவிட்டதா? இல்லை, கொடை நெருங்கிய சந்தோஷமா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆளை எரித்துவிட்டார்கள்.

இப்போது பரிவட்டம் அவருக்கு முன்னைவிட அவசியமாகிவிட்டது. முன்பு அது கௌரவம். இப்போது அது சாட்சி. ஊர் முன்னிலையில் அம்மன் சந்நிதியில் அந்தத் துணியைத் தலையில் கட்டிவிட்டால் நான்தான் நான் என்று ஆகிவிடும். கட்டாவிட்டால், தான் யாருடைய வீட்டில் யாருடைய மனைவி கையால் சாப்பிடுகிறோம் என்பதே சந்தேகம்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. கோமதிநாயகம் எழுந்து, அண்ணாச்சி மீண்டு வந்ததில் தன்னைவிட மகிழ்ச்சியடைந்தவர் யாருமில்லை என்று ஆரம்பித்து, ஆனாலும் எழவு எழவுதான், தீட்டு தீட்டுதான், அம்மன் காரியத்தில் முகம் பார்க்கக்கூடாது, ஆகவே முறைப்படி அடுத்த வாரிசுக்குப் பரிவட்டம் கட்டவேண்டும் என்று முடித்து, அடுத்த வாரிசாகவே அடக்கமாக உட்கார்ந்தார்.

வைரவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கோமதி, நீரு அவருக்குப் பங்காளிதானவே?"

"ஆமா. அதனாலதான அடுத்து எனக்கு..."

"பங்காளின்னா ஒமக்கும் தீட்டுதானே?"

கோமதிநாயகம் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். எழுந்தவர் முற்றிலும் வேறு சித்தாந்தம் பேசினார். ஆழ்ந்து யோசித்தால் சாவு என்பதே மாயை. படி இருக்கும்போது ஆள் இறந்ததாகச் சொல்வது அறிவியலுக்கே முரண். அண்ணாச்சி சாகவே இல்லை. குற்றாலிங்கம் ஆமாம் ஆமாம் என்றார். இரண்டு பங்காளிகளும் ஒரே கட்சியில் நின்றதை மேலக்குழி அன்றைக்குத்தான் பார்த்தது. சாகவில்லை என்றால் எதற்கு அழுதோம், எரித்தது யாரை, நாங்கள் சாப்பிட்ட எழவுச் சாப்பாடு எந்தக் கணக்கு என்று பின்வரிசையில் சத்தம் கிளம்பியது.

ஆகமப்பெட்டியைக் கேட்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஆகமங்கள், புராணங்கள், ஊர்வழக்கங்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிவைத்த அறிவுப்பொறி அது. ஒருவன் தன் மரணத்துக்குத் தான் தீட்டுக் காக்கவேண்டுமா என்று கேட்டார்கள். பெட்டி ஒரு கணம் முனகிவிட்டு, காக்கவேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு, வேண்டாம் என்பதற்கும் உண்டு, கமிட்டிக்கு எந்த முடிவு தேவை என்று தெரிவித்தால் உரிய மேற்கோளோடு தருகிறேன் என்றது.

"பெரிய வித்வான் மாதிரியே பேசுது" என்று வைரவன் மெச்சினார்.

அப்புறம் அவர்தான் வழி கண்டுபிடித்தார். பரிவட்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான் போகவேண்டும், அதில் மாற்றமில்லை. செத்தார் என்று வைத்துக்கொண்டால் குடும்பத்தில் எல்லோருக்கும் தீட்டு. ஆனால் செத்தவருக்கு மட்டும் தீட்டு கிடையாது. தனக்கு ஏது தீட்டு? அவர் தெய்வமாகிவிட்டார். ஆகவே பரிவட்டத்தைப் படத்துக்குக் கட்டிவிடலாம்.

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. படம் என்றால் மைக் கேட்காது, வரவு செலவு கேட்காது, எனக்கு முன்னால் அவனுக்கு ஏன் மாலை போட்டாய் என்று சண்டைக்கு வராது. கோமதிநாயகம்கூட யோசித்துப் பார்த்துவிட்டுத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். உயிரோடு இருப்பவருக்குக் கிடைப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது.

குற்றாலிங்கம் எழுந்தார். "நான் உயிரோட நிக்கேன். எனக்குக் கட்டாம படத்துக்குக் கட்டுவியளா?"

"அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான கட்டுறோம்" என்றார் வைரவன், குழந்தைக்குச் சொல்வது போல. "அவரும் நீங்களும் ஒண்ணுன்னு நீங்கதான சொல்லுதிய?"

"ஒண்ணுதான்."

"அப்போ ஒங்களுக்குக் கெடச்சாச்சு."

"ஒண்ணுன்னா என்னைய உள்ள விடணும்லா?"

"தீட்டுல்லா இருக்கு. அது வேற."

அவரவர் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். குற்றாலிங்கம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். இதில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கொடை சிறப்பாக நடந்தது. கூடத்திலிருந்த படத்தைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு கொண்டுபோனார்கள். தீட்டுக்காரர்கள் நிற்பதற்கென்று செருப்பு விடுகிற இடத்துக்கு அந்தப்பக்கம் கயிறு கட்டியிருந்தது. குற்றாலிங்கமும் ஆவுடையும் அங்கே நின்றார்கள். கூட்டம் முண்டியது. பின்னாலிருந்த ஒருவர், பெரியவரே கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், படம் மறைகிறது என்றார். குற்றாலிங்கம் குனிந்துகொண்டார்.

பூசாரி பட்டுத்துணியைப் படத்தின் மேல்சட்டத்தில் சுற்றிக் கட்டினார். மாலை போட்டார். கண்ணாடியில், நெற்றி இருக்குமிடம் பார்த்துத் திருநீறு பூசினார். உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்ட நாதஸ்வரம், இப்போது நின்று நிதானமாக வாசித்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கீழச்சுரங்கத்துக்காரர்கள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அழுக்குத் துணியும் காலிக்குடமுமாய் இருக்கிற அவர்கள் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்தபோது குற்றாலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை அந்த மனுஷன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயையும் திருப்பிவிட்டிருப்பாரோ? இருக்கும். டம்ளர் கழுவியவர், அதையும் செய்யக்கூடியவர்தான்.

வைரவன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அன்னாரின் எளிமை, அன்னாரின் ஈகை, அன்னாரின் பக்தி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தவருக்குக் குரல் கம்மியது.

"அன்னார் மட்டும் இன்று நம்மிடையே இருந்திருந்தால், இந்தக் காட்சியைக் கண்டு எப்படி மகிழ்ந்திருப்பார்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஆவுடை தேம்பினாள். மகிழ்ந்துதான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே, குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, படம் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.